கடைசிக் காது

துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய கட்டடத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி. வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துபோன மாதிரி ஒரு வாடை. காவலாளி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்ததும் மீதியை எழாமலே உட்கார்ந்துகொண்டார்.

"லிஃப்ட் ஓடலைம்மா. படியிலதான் போகணும். ரெண்டாவது மாடி, கடைசி ரூம். ஜன்னல் இல்லாத ரூம்."

"ஜன்னல் ஏன் இல்லை?"

"கம்ப்யூட்டர்ல வெளிச்சம் படுதுன்னு எப்பவோ செங்கல் வச்சு அடைச்சுட்டாங்க. மதியம் பன்னிரண்டும் நடுராத்திரி பன்னிரண்டும் அங்க ஒண்ணுதான்."

முட்டிவலியோடு ஒவ்வொரு படியாக ஏறினாள். வயது ஐம்பத்து நான்கு. இது இந்த வருஷத்தில் அவள் பெட்டியோடு போய் இறங்கும் நான்காவது ஊர். மூன்று வாரத்தில் முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை. முடித்த பிறகு தூங்க வேண்டும். அவள் இப்போதெல்லாம் எதைப் பற்றி யோசித்தாலும் அது கடைசியில் தூக்கத்தில்தான் போய் நின்றது.

கடலுக்கு அடியில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவள் தொழில். அவள் கடலில் இறங்குவதில்லை. கப்பல் ஒன்று கிலோமீட்டர் கணக்கில் நீளமான கேபிளைப் பின்னால் இழுத்துக்கொண்டு நேர்கோட்டில் போகும். பத்து விநாடிக்கு ஒருமுறை காற்றுத் துப்பாக்கி தண்ணீருக்குள் வெடிக்கும். அந்தச் சத்தம் கடல்தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கி, பாறை அடுக்குகளில் மோதித் திரும்பி வரும். கேபிள் நெடுக வரிசையாகப் பொருத்தியிருக்கும் மைக்குகள் அதைக் கேட்கும். அவளுடைய ஆட்கள் அவற்றைக் காதுகள் என்பார்கள். அந்தக் காதுகள் கேட்டதையெல்லாம் சேர்த்தால் பூமியைக் கத்தியால் வெட்டிப் பார்த்த மாதிரி ஒரு படம் வரும். அந்தப் படத்தில் ஒவ்வொரு அடுக்கையும் தொட்டுத் தொட்டுக் கோடு போடுவது அவள் வேலை. முப்பது வருஷமாகக் கோடு போடுகிறாள். சின்னவர்கள் அவளைக் கோட்டக்கா என்று கூப்பிடுவார்கள். பழகிவிட்டது.

அறையில் அவளுக்கு முன்பே ஒருவன் இருந்தான். நாற்பது வயது இருக்கும். முன்வழுக்கை, கண்ணுக்குக் கீழே கருவளையம், கையில் ஆறிப்போன டீ.

"வாங்கக்கா. நான்தான் பேயோட்டி."

அவள் சிரித்தாள். கடலின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் வேண்டாத எதிரொலிக்கு இந்தத் தொழிலில் கோஸ்ட், அதாவது பேய் என்றே பெயர். அதைக் கழித்துப் படத்தைச் சுத்தம் செய்பவன் அவன். அந்தப் பெயர் அவனுக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"எல்லாத்தையும் ஓட்டியாச்சா தம்பி?"

அவன் சிரிக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் போக மாட்டேங்குதுக்கா."

*

முதல் ஏழு நாள் வேலை வேலையாகவே போனது. போன வருஷம் எடுத்த புது சர்வே நல்ல தெளிவாக இருந்தது. எட்டாம் நாள், கடல்தரைக்கு இரண்டரை கிலோமீட்டர் கீழே, கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி வளைந்த ஓர் அடுக்கின் உச்சியில் பளிச்சென்று ஒரு திட்டு தெரிந்தது. எண்ணெயோ வாயுவோ தேங்கியிருக்கும் இடம் இப்படித்தான் மின்னும். தலைமை அலுவலகத்துக்குச் சொன்னாள். மேலாளர் போனிலேயே கைதட்டினார்.

"அருமை. எக்ஸாக்ட் பாயின்ட் குடுங்க மேடம். ரிக் ரெடியா இருக்கு. லைசென்ஸ் முடியறதுக்குள்ள துளை போட்டாகணும்."

புள்ளி குறிக்கத்தான் அவள் உட்கார்ந்தாள். குறிக்க முடியவில்லை. திட்டின் உச்சிக்கு நேர் மேலே, படத்தில் மேலிருந்து கீழ்வரை, ஊசியால் கீறினாற்போல ஒரு நூல் ஓடியது. பாறை அப்படி இருக்காது. அது இரைச்சல்.

"இதான் போக மாட்டேங்குறதா?"

"இதேதான். மூணு தடவை எடுத்துட்டேன். எடுத்து, முழுசா ஓட விட்டு, காலையில வந்து பார்த்தா திரும்ப இருக்கு."

"கேபிள்ல ஏதாவது ஒரு காது கெட்டுப்போயிருக்கும்."

"அப்படித்தான் நானும் நெனச்சேன். ஒரு காது கெட்டா அது போற இடமெல்லாம் கரகரக்கணும். இங்க அப்படி இல்லைக்கா. கப்பல் பன்னிரண்டு கேபிள் இழுத்துட்டுப் போயிருக்கு. எந்தக் காது அந்த இடத்துக்கு மேல வருதோ அதுல மட்டும் சத்தம். தாண்டினதும் நின்னுடுது. அடுத்த காது வருது. அதுல ஆரம்பிக்குது."

அவன் நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டான்.

"சத்தம் கடல்ல ஒரே இடத்துல இருக்குக்கா. காதுங்கதான் அதைத் தாண்டிப் போகுது."

அவளுக்கு அலுப்பாக இருந்தது. மீன் கூட்டம் இருக்கலாம், கடலடியில் வாயு கசியலாம். முப்பது வருஷத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறாள். படமாக்குவதற்கு முந்தைய அசல் பதிவைத் திறக்கச் சொன்னாள். அவன் துண்டு துண்டான பதிவுகளை ஒட்டி, ஸ்பீக்கரில் போட்டான்.

முதலில் கடலின் இரைச்சல். நீளமான, சலிப்பான இரைச்சல். பிறகு துப்பாக்கி வெடித்தது.

டும்.

அதன் எதிரொலி அடங்கியது. அதன் பிறகு,

டக். டக். டக்.

இரும்பில் இரும்பு தட்டும் சத்தம்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மறுபடி துப்பாக்கி வெடித்தது. எதிரொலி அடங்கும்வரை அமைதி. பிறகு மூன்று தட்டு. மறுபடி வெடி. அமைதி. மூன்று தட்டு.

"கப்பல்ல ஏதாவது ஆடி இடிச்சிருக்கும்," என்றாள் அவள்.

"இருக்கலாம்."

ஐந்து நிமிஷம் கேட்டார்கள். தட்டு ஒருமுறைகூட வெடியோடு சேர்ந்து விழவில்லை. அதுதான் அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஆடும் இரும்புக்கு வெடி எப்போது என்று தெரியாது. எப்போது தட்டினால் கேட்கும், எப்போது தட்டினால் வெடிச் சத்தத்தில் அமுங்கிப்போகும் என்று தெரிந்த யாரோ, பொறுத்திருந்து, இடைவெளி பார்த்துத் தட்டினார்கள்.

பேயோட்டி ஸ்பீக்கரை அணைத்தான்.

"அக்கா, டீ குடிக்கப் போலாமா?"

*

அதே கடலில் இருபத்தாறு வருஷத்துக்கு முன் ஒரு சர்வே நடந்திருந்தது. அந்தக் காலத்தில் கப்பலுக்கு ஒரே கேபிள், இருநூற்று நாற்பது காது. அதன் டேப்புகளும் பதிவுத்தாள்களும் கீழ்த்தளத்து இரும்பு அலமாரியில் கிடந்தன. மறுநாள் மதியம் இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கிளறினார்கள். டேப்பைப் படிக்க வைக்க அவனுக்கு மூன்று நாள் பிடித்தது.

அந்த இடத்தின் மேலாகப் பழைய கப்பல் போன பாதை நாற்பத்தேழாவது கோடு. பேயோட்டி அதைத் திறந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

பழைய டேப்பிலும் இருந்தது. ஆனால் வேறு மாதிரி இருந்தது. கடைசிக் காதில் மட்டும், இருநூற்று நாற்பதாவதில் மட்டும். கப்பல் ஆறு கிலோமீட்டர் போகும்வரை அந்தத் தட்டு கேபிளின் வாலோடு கூடவே போயிருந்தது. நாற்பத்தொரு நிமிஷம். பிறகு நின்றுவிட்டது.

அது நின்ற இடமும், புது சர்வேயில் நூல் கீறிய இடமும் ஒன்று.

அவள் பதிவுத்தாள்களைப் புரட்டினாள். கப்பலில் கருவிகளைக் கவனிக்கும் பதிவாளர் ஒவ்வொரு கோட்டுக்கும் கையால் குறிப்பு எழுதுவார். நாற்பத்தேழாவது கோடு. அலை ஒரு மீட்டர். காற்று தென்மேற்கு. அதன் கீழே:

காது 240 இரைச்சல். மீன் கடி.

நாற்பத்தொரு நிமிஷம் கழித்து இன்னொரு வரி:

காது 240 சரியாகிவிட்டது.

அவள் அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். 'ன்' எழுதும்போது வாலைக் கீழே இறக்கிச் சுழித்திருந்த விதம் அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளில் அவளுடைய நோட்டுகளுக்கு அட்டை போட்டு, பேர் எழுதிக் கொடுத்த கை அது.

"என்னக்கா, முகமே மாறிப்போச்சு?"

"எங்க அண்ணன் எழுத்து தம்பி இது."

*

அண்ணன் ஒன்பது வருஷமாக அவளோடுதான் இருந்தார். அறுபத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கப்பல் வேலையைத் திடீரென்று ஒருநாள் விட்டுவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கம்கூடப் போனதில்லை. ராத்திரியில் தூங்க மாட்டார். காலையில் காய்கறி நறுக்கித் தருவார், துணி மடிப்பார், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அசந்து, உடனே திடுக்கிட்டு விழிப்பார். வயசானால் தூக்கம் குறையும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் நான்கு மணி. அண்ணன் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா. இளைச்சுட்டியே. சரியாச் சாப்பிடறதில்லையா?"

"அண்ணா, உக்காருங்க. ஒண்ணு கேக்கணும்."

"கேளு. கைவேலை நடந்துட்டே இருக்கும்."

"லைன் நாப்பத்தேழு."

அவர் கையிலிருந்த தட்டு நழுவவில்லை. அதை மெதுவாக, சத்தமே வராமல் மேடையில் வைத்தார். துணியை நான்காக மடித்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாரு அண்ணா அப்படித் தட்டினது?"

"கேபிள்காரன். பின்தளத்துல கேபிளைப் பாத்துக்கறவன். என்னைவிட நாலு வயசு சின்னவன். எதையோ சரிபண்ண தனியாப் போயிருக்கான். விழுந்துட்டான்."

"நீங்க பாத்தீங்களா?"

"யாருமே பாக்கலை. கேபிளோட வால்ல ஒரு மிதவை வரும் இல்லையா, அது வர்ற வரைக்கும் நீந்திக்கிட்டே இருந்து அதைப் பிடிச்சிருக்கான். இடுப்புல ஸ்பேனர் இருந்திருக்கு. மிதவையோட சங்கிலியில தட்டியிருக்கான். பக்கத்துலதான் கடைசிக் காது இருக்குன்னு அவனுக்குத் தெரியும் பாப்பா. அவன் கையால மாட்டினது அது. மறுமுனையில நான் உக்காந்திருக்கேன்னும் தெரியும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முதல்ல மீனுன்னுதான் நெனச்சேன். சத்தியமா. அப்படித்தான் எழுதினேன். பத்து நிமிஷம் கழிச்சுத்தான் கவனிச்சேன். வெடிக்கும்போது தட்டறதில்லை. மீனுக்குத் துப்பாக்கி எப்ப வெடிக்கும்னு தெரியுமா?"

"அப்புறம் ஏன்..."

"முப்பத்தஞ்சு நாள் கடல்ல. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம். அன்னைக்கு எனக்கு மாத்த ஆள் வரலை, பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. என் ரூம்ல இருந்து பின்தளத்துக்கு இருபது படி." அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "ஏறிப்போய் எட்டிப் பாத்திருக்கலாம். யாரும் என்னைத் தடுக்கலை. யாரும் என்னை மிரட்டலை. இருபது படி ஏற எனக்கு அலுப்பா இருந்தது. இந்தா இப்பப் போலாம், இந்தா இப்பப் போலாம்னு உக்காந்திருந்தேன். அப்ப நின்னுடுச்சு. நின்னதும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்தது."

தெருவில் ஏதோ வண்டி போனது. அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவர் காத்திருந்தார்.

"சாப்பாட்டுக்கு வரலைன்னதும் தேடினாங்க. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது. சர்வே தலைவர்கிட்ட சொன்னேன். அவர் தாளைப் பாத்தார். 'நாப்பத்தொரு நிமிஷம் கேட்டுட்டு உக்காந்திருந்தியா'ன்னார். ரெண்டு பேருக்கும் தலை போற விஷயம். கடைசியாப் பாத்தது இப்பத்தான்னு சொல்லி, கப்பல் அப்ப நின்ன இடத்தைக் குடுத்தோம். இருபது கிலோமீட்டர் தள்ளி. ரெண்டு நாள் ஹெலிகாப்டர் விட்டுத் தேடினாங்க. தப்பான இடத்துல."

அவர் சட்டைப்பையிலிருந்து பழைய பர்ஸை எடுத்து, மடிப்பில் கிழிந்துபோன ஒரு காகிதத்தை நீட்டினார். ஒரு பெண்ணின் முகவரி.

"அவன் சம்சாரம். இருபத்தாறு வருஷமா இதை வச்சிருக்கேன்."

*

அந்தப் பெண்மணியைத் தேடிப் போனது அண்ணன்தான். எப்படிச் சொன்னார், அந்த அம்மாள் என்ன கேட்டார் என்று கோட்டக்காவுக்குத் தெரியாது. நான்கு நாள் கழித்து, மதியம் மூன்று மணிக்கு, இருவரும் அந்தக் கட்டடத்தின் படிகளில் ஏறி வந்தார்கள். அண்ணன் நடைபாதையிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அறைக்குள் வரவில்லை.

அந்த அம்மாளுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். ஏதோ ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலையாம். கை விரல்கள் சோப்புத் தண்ணீரில் வெளுத்துச் சுருங்கியிருந்தன. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"போடும்மா," என்றார். "நான் கேக்கணும்."

"வேண்டாம்மா. நாற்பத்தொரு நிமிஷம் ஓடும். உங்களால..."

"விழுந்த உடனே உயிர் போயிடுச்சுன்னு என்கிட்ட சொன்னாங்க. அவரு எவ்வளவு நேரம் கஷ்டப்பட்டாரோ அவ்வளவு நேரம் நானும் கேக்கறேன். போடு."

பேயோட்டி பழைய டேப்பைப் போட்டான்.

வெடி. அமைதி. மூன்று தட்டு.

அவர் அழவில்லை. தலையைச் சாய்த்து, பக்கத்து அறைப் பேச்சைக் கேட்பவர் மாதிரிக் கேட்டார். பதினைந்து நிமிஷத்தில் தட்டு தளர்ந்தது. இருபதில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி கூடியது. அறைக்குள் உப்புவாடை ஏறிக்கொண்டே வந்தது. ஏசிதான் பழசு என்று கோட்டக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெடி. அமைதி. மூன்று தட்டு.

அப்போது அந்த அம்மாள் கையை நீட்டி, விரல்முட்டியால் மேஜையில் தட்டினார்.

டக். டக்.

இரண்டு.

ஸ்பீக்கரில் கடல் இரைந்தது.

டக். டக்.

பேயோட்டியின் கை விசைப்பலகையிலிருந்து தானாக விலகியது.

இருபத்தாறு வருஷத்துக்கு முன் பதிவான டேப் அது. அதில் எல்லாமே மும்மூன்றுதான். அவர்கள் நாலு தடவை கேட்டிருக்கிறார்கள்.

அந்த அம்மாள் ஒருமுறை தட்டினார்.

ஒருமுறை கேட்டது.

அவர் ஐந்து முறை தட்டினார். நடுவில் துப்பாக்கி வெடித்தது. அது அடங்கும்வரை அந்தப் பக்கத்தில் பொறுத்திருந்தார்கள். பிறகு ஐந்து.

"அக்கா," என்று பேயோட்டி காற்றாகச் சொன்னான். "நிறுத்தட்டுமா?"

அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். வாயைத் திறந்தால் கத்திவிடுவோம் என்று பயமாக இருந்தது.

"இத்தனை வருஷமா யாருமே திருப்பித் தட்டலை," என்றார் அந்த அம்மாள். "அதான் விடாம தட்டிட்டே இருந்திருக்காரு."

அதற்குப் பிறகு அவர் கையை எடுக்கவில்லை. மிச்சமிருந்த நேரம் முழுவதும், தட்டுக்குத் தட்டு பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். நாற்பத்தோராவது நிமிஷத்தில் அந்தப் பக்கம் ஒரே ஒரு தட்டு. மெதுவாக. பிறகு வெறும் கடல்.

"அப்புறம்?"

"அப்புறம் இல்லைம்மா."

அந்த அம்மாள் எழுந்தார். நடைபாதையில் நின்றவர் முன்னால் போய் நின்றார். அண்ணன் தலையைத் தொங்கப் போட்டிருந்தார்.

"இருபது படின்னு சொன்னீங்க."

"ஆமா."

அந்த அம்மாள் படிக்கட்டுக்குப் போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்க ஆரம்பித்தார். இறங்கும்போது எண்ணுவது மேலே வரைக்கும் கேட்டது. ஒண்ணு. ரெண்டு. மூணு. இருபதில் நின்றார். திரும்பி, அண்ணாந்து பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

அண்ணன் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். அழுகை எழும்பவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

*

மறுநாள் அண்ணன் துறைமுகக் காவல் நிலையத்துக்குப் போய், நடந்ததை உண்மையான இடத்தோடு எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். பழைய கம்பெனியே இப்போது இல்லை, தலைவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், இதை வைத்து என்ன செய்வது என்று பார்க்கிறோம் என்றார்களாம். வீட்டுக்கு வந்தவர் பதினான்கு மணி நேரம் தூங்கினார். இரண்டு தடவை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள் அவள்.

பேயோட்டி பழைய டேப்பைத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். முழுவதும் மும்மூன்றுதான். இரண்டும் இல்லை, ஐந்தும் இல்லை. புது சர்வேயைத் திறந்தான். அங்கே நூலே இல்லை. அசல் பதிவிலும் இல்லை. யாரும் தொடாமலே படம் கழுவிவிட்டாற்போல இருந்தது.

"போயிட்டாருக்கா," என்றான். அன்றுதான் அவன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

அவள் அறிக்கை எழுதினாள். எண்ணெய் இருக்க வாய்ப்பு அதிகம் என்றாள். துளையை ஒரு கிலோமீட்டர் வடக்கே தள்ளிப் போடலாம் என்றும், அதற்குக் காரணமான கேபிள்காரரின் கதையைத் தனியாக ஒரு பக்கத்திலும் எழுதினாள். மேலாளர் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்.

"இரைச்சல்தான் போயிடுச்சே மேடம். இனி என்ன? உச்சியிலயே போடுவோம்."

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. அந்த ஒரு பக்கத்தை மட்டும் ரிக்கின் பொறுப்பாளருக்குத் தனியாக அனுப்பிவைத்தாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

இரண்டு மாதம் கழித்து, கடலில் துளை போடும் மேடையான ரிக் அந்த இடத்தில் கால் ஊன்றியது. துளை போட ஆரம்பித்த ஆறாம் நாள், மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரத்தில் போன் வந்தது.

"மேடம், ரிக்ல இருந்து பேசறேன்." நடுவயசுக் குரல். வாரக்கணக்கில் தூங்காத குரல். "நீங்க அனுப்பின பக்கத்தைப் படிச்சிருக்கேன். அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். வேற யார்கிட்டயும் கேக்க முடியாது."

"சொல்லுங்க சார்."

"காலையில அவசரகாலப் பயிற்சி வச்சோம். மணி அடிச்சா எல்லாரும் மேல்தளத்துல வந்து வரிசையா நிக்கணும், தலை எண்ணணும். எங்க பட்டியல்ல முப்பத்தெட்டு பேர்." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "பேர் சொல்லிக் கூப்பிட்டா முப்பத்தெட்டு பேர் கை தூக்குறாங்க. பேர் சொல்லாம எண்ணினா முப்பத்தொம்போது தலை இருக்கு."

அவளுடைய தூக்கம் போய்விட்டது.

"எத்தனை தடவை எண்ணினீங்க?"

"ஏழு. ஆளை மாத்தி மாத்தி எண்ணியாச்சு. யாரு கூடுதல்னு ஒவ்வொரு முகமாப் பாத்தா, எல்லாமே தெரிஞ்ச முகமா இருக்கு. திரும்பி நின்னு எண்ணினா ஒண்ணு கூடுது. வெயில்ல மூணு மணி நேரமா நிக்க வச்சிருக்கேன். ஆபீஸ்ல முப்பத்தெட்டுன்னு எழுதி அனுப்பிட்டு வேலையைப் பாருங்கங்கிறாங்க. நான் என்ன எழுதட்டும்?"

பக்கத்து அறையில் அண்ணன் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு சீராகக் கேட்டது.

"இருக்கறதை எழுதுங்க சார்," என்றாள்.

"முப்பத்தொம்போதுன்னா?"

"முப்பத்தொம்போது."

பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. அவர் ஒலிபெருக்கியில் எல்லோரையும் கலைந்து போகச் சொன்னார். இரும்புத் தளத்தில் கனமான பூட்ஸுகள் நகர்ந்தன. ஒவ்வொன்றாகத் தூரமாயின. ஏணியில் இறங்கின. அடங்கின.

"எழுதிட்டேன் மேடம். மனசு கொஞ்சம்..."

அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

அவளுக்கும் கேட்டது. வெறும் பாதங்கள். ரிக்கில் பூட்ஸ் இல்லாமல் யாரையும் நடக்க விடமாட்டார்கள். இரும்பின் மேல் ஒட்டி ஒட்டிப் பிரியும் பாதங்கள், அவசரமே இல்லாமல், மிகவும் களைத்துப்போன ஒருவரின் நடையாக, போனை நோக்கி வந்தன.

வந்து நின்றன.

"சார்?" என்றாள் அவள்.

ரிக்காரர் குரல் போனிலிருந்து விலகியது. யாரிடமோ தாழ்ந்த குரலில், மரியாதையாகச் சொன்னார்.

"வாங்க. உக்காருங்க."

நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது.